கிராம சபையில் 46 பேர், வாட்ஸ்அப் குழுவில் 312 பேர்: எங்கள் ஊரில் அரசியல் எங்கே நடக்கிறது?

கேள்வி: முசிறிப் பக்கத்து மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் முசிறிக்குப் பக்கத்தில். வாழை, வெற்றிலை, கோரை விளையும் ஊர். காவிரிக் கரைக்கு நடந்தே போய்விடலாம். விடுதியில் தங்காமல் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். அதனால் ஊரில் நடப்பதெல்லாம் கண்ணில் படுகிறது. கொஞ்ச நாட்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கேட்கிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம் நடந்தது. நான் போனது இதுதான் முதல் முறை. பள்ளிக்கூட வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஷாமியானா போட்டு, முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்னால் தார்ப்பாய். பதினொரு மணிக்கு என்று நோட்டீசில் இருந்தது. தொடங்கியது பதினொன்று நாற்பதுக்கு. தலைகளை எண்ணினேன். அலுவலர்களையும் அங்கன்வாடி, சுகாதாரப் பணியாளர்களையும் கழித்துவிட்டால் 46 பேர். அதில் 31 பேர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். அவர்கள் தார்ப்பாயில். என் வயதுக்காரர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

கூட்டப் பொருள்களை ஒருவர் வேகவேகமாகப் படித்தார். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார், பதில் வருவதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டார். ஐம்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்து தேநீர் வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு ஓர் ஊழியர் வருகைப் பதிவேட்டை வண்டியில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் வரிசை எண் 187.

இனி வாட்ஸ்அப். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு குழு இருக்கிறது. 312 பேர். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களும் உண்டு. அன்று ஒரு நாளில் மட்டும் 214 செய்திகள் வந்திருந்தன. இரவு உட்கார்ந்து எண்ணினேன். கொடிப் படங்களைத் தள்ளிவிட்டால், பாதிக்கு மேல் அரசியல். அமெரிக்கா விதித்த இறக்குமதி வரி, 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு யார் யாரோடு கூட்டணி, டெல்லியில் யார் என்ன பேசினார். கூட்டத்துக்கு வர நேரமில்லை என்று சொன்ன ஒரு சித்தப்பா காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் 23 செய்திகள் அனுப்பியிருந்தார். நான் கூட்டத்தை மூன்று நிமிட வீடியோவாக எடுத்துப் போட்டேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். அடுத்த நிமிடமே இரட்டை அம்புக்குறியோடு ஒரு யூடியூப் பேச்சு வந்து விழுந்தது. அதற்கு 38 பதில்.

மறுநாள் குழுவில் ஒரு கேள்வி கேட்டேன்: "நம் ஊராட்சிக்கு இப்போது தலைவர் யார்?" ஒன்பது பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் ஆறு பேர் பழைய தலைவரின் பெயரைச் சொன்னார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்கள் மாவட்டமும் அதில் சேர்த்தி. எங்களுக்கு இப்போது அரசு நியமித்த தனி அலுவலர்தான். இதற்கு முன்பும் 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை இப்படித்தான் இருந்தது. அப்போது நான் பள்ளியில் இருந்தேன், தெரியவில்லை. இப்போது தெரிகிறது. ஓர் ஊரில் தேர்ந்தெடுத்த தலைவர் ஏழு மாதமாக இல்லை, தினமும் அரசியல் பேசுகிற ஆறு பேருக்கு அது தெரியவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மக்களுக்கு அரசியலில் அக்கறையே இல்லை என்று எங்கள் வகுப்பில் பேசிக்கொள்வார்கள். என்னால் அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2024 ஏப்ரல் 19 அன்று என் முதல் ஓட்டைப் போட்டேன். காலை ஏழரைக்கே வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நின்றது. எண்பது வயதுப் பாட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய எழுபது சதவீதம் பேர் வாக்களித்தார்கள். எனவே அக்கறை இருக்கிறது. அது தூரத்தில் இருப்பவற்றின் மேல் இருக்கிறது.

எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் வடக்குக் கடைசித் தெருவில் குழாயில் தண்ணீர் ஏறுவதில்லை. வீட்டுக்கு வீடு நீலக் குழாய் போட்டு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மேல்நிலைத் தொட்டி நிறைகிறது. காலை ஆறு மணிக்குத் திறந்துவிட்டால் ஏழுக்குள் நடுத்தெரு வரை நன்றாக வருகிறது. கடைசித் தெருவில் நாலைந்து குடம். சில நாள் வெறும் காற்று. ஏனென்றால் நடுவில் இருக்கிற வீடுகளில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். இது ஊருக்கே தெரியும். டெல்லியைப் பற்றி என்ன பேசினாலும் டெல்லி நம் வீட்டு வாசலுக்கு வந்து "ஏன் அப்படிச் சொன்னாய்" என்று கேட்காது. மோட்டாரைப் பற்றிப் பேசினால் சாயங்காலமே மாமன் முகத்தில் விழிக்க வேண்டும். கைபேசி எங்களுக்கு அந்த முகத்தைப் பார்க்காமலேயே அரசியல் பேச வழிசெய்து கொடுத்துவிட்டது.

வீடியோவை நீக்கச் சொல்லி அப்பாவிடம் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். "படிக்கிற பையனுக்கு எதற்கு இது?" என்று கேட்டாராம். நீக்கவில்லை.

உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது? நான் நினைப்பது சரியா? அடுத்த கூட்டம் அக்டோபரில். அதற்குள் நான் செய்யக்கூடியது என்ன?

பதில்: 2017-இல் மெரினாவில் இருந்தவன்

தம்பி, உங்கள் எழுத்தைப் படித்ததும் எட்டு வருடம் பின்னால் போய்விட்டேன். 2017 ஜனவரி 17 அன்று மாலை, ஜல்லிக்கட்டு கேட்டுப் போராடிய இளைஞர்களை அலங்காநல்லூரில் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று முகநூலில் பார்த்துவிட்டு, அறையில் இருந்த நான்கு பேரும் கடற்கரைக்குக் கிளம்பினோம். போனபோது சில நூறு பேர். இரவு மின்விளக்குகள் அணைந்தபோது எல்லோரும் கைபேசி வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்தோம். மூன்றாம் நாள் மணல் தெரியவில்லை. யாரும் தலைவர் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் இட்லிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள், குப்பையை நாங்களே வாரினோம். எனவே கைபேசி மக்களைச் சும்மா உட்கார வைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது.

ஆனாலும் உங்கள் கேள்வியை வைத்து யோசித்தேன். அன்று எங்களுக்கு ஒரே கோரிக்கை இருந்தது: ஜல்லிக்கட்டு நடக்க வேண்டும். அதற்கு ஆம், இல்லை என்று ஒரே பதில்தான். 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது, 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அதே 23-ஆம் தேதி காலை எங்களைக் கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்தியதையும் மறக்க முடியாது. அதற்குப் பிறகு எங்கள் அறையில் இருந்த நான்கு பேரில் யாரும் எந்தப் பொதுக் காரியத்துக்கும் போகவில்லை. நானும்தான். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு வாரத்தில் முடிகிற காரியத்துக்குக் கைபேசி ஆள் சேர்க்கும். உங்கள் தண்ணீர் அப்படி முடிகிற காரியமாகத் தெரியவில்லை. இன்று சரிசெய்தால் ஆறு மாதத்தில் மறுபடியும் மோட்டார் வரும். மாதாமாதம் ஆள் வேண்டும். அதற்கு 312 பேர் வேண்டாம், விடாமல் வருகிற ஏழு பேரைத் தேடுங்கள்.

பதில்: சென்னைவாசி

உங்கள் ஊரில் 46 பேராவது வந்தார்கள். 2022 பிப்ரவரி 19 உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் வாக்களித்தவர்கள் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. எங்கள் அடுக்ககத்தில் 64 வீடுகள், குழுவில் காலை முதல் அரசியல். வார்டு உறுப்பினர் யார் என்று கேட்டால் காவலாளி மட்டும் சொல்கிறார். உறுப்பினர் வீட்டுக்குக் காவலாளிதான் போய்ச் சாக்கடை அடைப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நகரத்தில் மாமன் முகத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது. ஆனாலும் யாரும் வருவதில்லை. எனவே நீங்கள் சொல்கிற காரணம் மட்டும் போதாது என்று நினைக்கிறேன்.

பதில்: நூறு நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளர், கரூர் மாவட்டம்

தம்பி, நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். எங்கள் ஊரிலும் கிராம சபைக்கு வருவது நாங்கள்தான். நீங்கள் 46 பேரில் 31 பேர் பெண்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த 31 பேர் என்ன பேசினார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அவர்களிடம் ஒலிவாங்கி வந்ததா? எங்கள் ஊரில் நாற்காலி வரிசையோடு நின்றுவிடும், தார்ப்பாய்க்கு வராது.

நாங்கள் ஏன் வருகிறோம் என்றும் சொல்கிறேன். வேலை அட்டை, சம்பளப் பாக்கி, அடுத்து எந்த ஏரி, எந்த வாய்க்கால் என்பதெல்லாம் அங்கேதான் பேச்சுக்கு வரும். 2025-26-க்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய் என்று வைத்தார்கள். தினமும் இரண்டு தடவை கைபேசியில் எங்களைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். அதைச் செய்வது நான்தான். சிக்னல் இல்லை என்றால் ஏரிக்கரை மேட்டில் ஏறி நின்று கையைத் தூக்கிப் பிடிப்பேன். படம் ஏறவில்லை என்றால் அன்றைய வருகை போச்சு. புதிய ஊடகம் என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு இதுதான்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த 312 பேரில் பெண்கள் எத்தனை பேர்? அந்தக் கடைசித் தெருக்காரர்கள் எத்தனை பேர்? அது எந்தத் தெரு என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் குழாயின் கடைசி எப்போதும் காலனியில்தான் முடியும். தண்ணீர் வராதவர்களைக் கூப்பிடாத குழுவில் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வரவில்லை என்று ஆச்சரியப்பட்டால் எப்படி? அவர்களிடம் போய்க் கேளுங்கள். எந்தக் கிழமை வந்தது, எத்தனை குடம் என்று அவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள்.

கூட்டம் வைக்கிற நேரத்தையும் பாருங்கள். விடுமுறை நாளில் பதினொரு மணி என்றால் வீட்டில் பெண் எங்கே இருப்பாள்? உங்கள் அம்மா அடுப்படியிலிருந்துதானே வந்து கையெழுத்துப் போட்டார்.

பதில்: ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்

தம்பிக்கு வாழ்த்து. நான் 31 ஆண்டுகள் ஊராட்சிப் பணியில் இருந்தவன். முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவேட்டை நானும் வீடு வீடாகக் கொண்டுபோயிருக்கிறேன். மூவாயிரத்துக்கு மேல், பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு 200 பேர். அவ்வளவு பேர் வராவிட்டால் கூட்டம் செல்லாது, மறுபடியும் கூட்ட வேண்டும், ஒன்றிய அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டும். காலையில் 50 பேர், மாலையில் 205 கையெழுத்து. செய்தது தவறு. அப்போது அதைத் தவறு என்று எனக்குச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. நீங்கள் பதிவேட்டை எட்டிப் பார்த்தீர்கள் அல்லவா, அப்படி ஒருவர் அன்று எட்டிப் பார்த்திருந்தால் நான் நின்றிருப்பேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை, யாரும் அனுமதிக்கவும் வேண்டியதில்லை. "படிக்கிற பையனுக்கு எதற்கு" என்று கேட்டவரிடம் இதைச் சொல்லுங்கள். எனக்கெல்லாம் 21 வயதில்தான் ஓட்டு வந்தது. 1984-இல் முதல் ஓட்டுப் போட்டேன். 18 வயது என்று ஆனது 1989-இல். படிக்கிற பிள்ளைகளுக்கு வேண்டும் என்றுதான் அந்த வயதைக் குறைத்தார்கள்.

முன்பெல்லாம் ஆண்டுக்கு நான்கு கூட்டம். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு சேர்ந்து ஆறு ஆகிவிட்டது. எனவே ஒரு கூட்டம் வீணாகப் போனால் சோர்ந்துவிடாதீர்கள்.

கூட்டத்தில் எழுந்து நின்று கத்துவதால் பயன் குறைவு. மேலிருந்து வருகிற பொருள்கள் போக, ஊர்க்காரர்கள் கொடுக்கிற பொருளும் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்குக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் மனு கொடுத்து, கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். தனி அலுவலர் காலத்திலும் இது பொருந்தும். கூட்ட நாளில் உங்கள் பொருள் வந்ததும் தீர்மானத்தின் வாசகத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "குடிநீர் பிரச்சினை பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் அது ஒன்றுக்கும் உதவாது. நான் எத்தனையோ முறை அப்படி எழுதியிருக்கிறேன். எந்தத் தெரு, என்ன நடவடிக்கை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு மூடச் சொல்லுங்கள். இடம் விட்டால் பிறகு எதுவும் ஏறும்.

தீர்மானப் பதிவேட்டின் நகலும் வருகைப் பக்கங்களின் நகலும் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். ஆனால் வருகைப் பக்கத்தை வைத்து அந்த ஊழியரை மாட்டிவிட வேண்டும் என்று தொடங்காதீர்கள். அவர் சம்பளம் எனக்குத் தெரியும், அவர் மேல் இருக்கிற நெருக்கடியும் தெரியும். நேரில் போய், "அடுத்த முறை ஆளை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பை வையவும் வேண்டாம். அந்தக் காலத்தில் தண்டோராப் போட்டோம், பாதிப் பேருக்குக் கேட்காது. கூட்டப் பொருளைப் படம் எடுத்து ஒரு வாரம் முன்பே குழுவில் போடுங்கள். அதைப் பார்க்கவில்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

கேள்வி கேட்டவர்: முசிறிப் பக்கத்து மாணவன்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

அக்கா கேட்ட இரண்டு கேள்விகளும் என்னை உறங்கவிடவில்லை. குழுவில் பார்த்தேன். 312 பேரில் பெண்கள் 19 பேர். அதில் பாதி வெளியூரில் வேலையில் இருக்கும் ஆசிரியைகள். கடைசித் தெரு காலனித் தெருதான். நான் ஏன் அதை எழுதவில்லை என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தெருவில் இருந்து குழுவில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள்; நான்கு பேரும் இதுவரை ஒரு செய்திகூடப் போட்டதில்லை.

போன ஞாயிறு அங்கே போனேன். இவ்வளவு வருடத்தில் பந்து எடுக்கவும் பஸ்ஸுக்குக் குறுக்கு வழியாகவும் அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது அன்றுதான். ஓர் ஆயா சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். ஒரு கோடு ஒரு குடம்; ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை. பால் கணக்கு மாதிரி. ஆகஸ்ட் 15-க்கு நேரே ஒரு கோடும் இல்லை. நாங்கள் மரத்தடியில் மழைநீர் சேகரிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த அதே காலை. அவரிடம் கேட்டுவிட்டுச் சுவரைப் படம் எடுத்தேன். குழுவில் போடலாமா என்றும் கேட்டேன். "என் பெயரைப் போடாதே, சுவரைப் போடு" என்றார். போட்டேன். நான்கு மணி நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு துபாயில் இருக்கும் ஓர் அண்ணன் மட்டும், "இது நம் ஊரா?" என்று கேட்டார்.

கேள்வியில் நான் மறைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் அரை எச்பி மோட்டார் இருக்கிறது. நடுத்தெருவில் ஏழாவது வீடு. அப்பாவிடம் பேசினேன். முதல் நாள் பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள், "நாம் எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரன் சேர்த்து உறிஞ்சுவான், அவ்வளவுதான்" என்றார். அது உண்மைதான், எனக்கும் பதில் தெரியவில்லை. மூன்றாம் நாள் அம்மா பிளக்கைப் பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார். இப்போது எங்கள் குழாயில் பதினோரு குடம் வருகிறது. முன்பு தொட்டி நிறையும். துணி துவைக்க ஆற்றுக்குப் போகிறோம்.

செயலர் ஐயா சொன்னபடி மனு எழுதியிருக்கிறேன். காலனித் தெருவில் 27 பேர், நடுத்தெருவில் 5 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஐந்தில் ஒன்று அம்மாவுடையது. இந்த முறை மனுவை முழுக்கப் படித்துவிட்டுப் போட்டார். கூட்டத்தை மதியம் மூன்று மணிக்கு வைக்கச் சொல்லியும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், அக்கா.

ஐயாவிடம் ஒரு சந்தேகம். தீர்மானத்தில் மோட்டார் வைத்திருக்கும் வீடுகளின் கதவு எண்ணைக் குறிப்பிடலாமா, அல்லது தெருவின் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா? கதவு எண் போடலாம் என்றால் எங்கள் வீட்டிலிருந்தே பட்டியலைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்குள் மனுவைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் பதில் எழுதினால் உதவியாக இருக்கும்.